மழைக்கு மட்டும் அடம்பிடித்த கார்

எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "டவுக்கே காரை வாங்கிப் போட்டுக்கிட்டு, அதுக்கு அடியிலயே குடித்தனம் பண்ணுது அந்தப் பொம்பள." முதல் பாதி பொறாமை. இரண்டாம் பாதி உண்மை. நான் மறுத்ததே இல்லை.

ஜெர்மனியில் செய்த பெரிய கறுப்புக் கார் அது. புதிதாக இருந்த காலத்தில் அமைச்சர்களும் டவுக்கே என்று நாங்கள் சொல்கிற கம்பெனி முதலாளிகளும் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துப் போன வகை. வயதான பிறகு அதை ஒருவரும் சீண்டுவதில்லை. ஒரு விளக்கு எரியவில்லை என்று வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் நம்மை மொட்டையடித்துத்தான் வெளியே அனுப்புவார்கள். ஆகவே வாங்க நினைக்கிறவன் பயந்து ஓடுவான், விற்க நினைக்கிறவன் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கையெடுத்துக் கும்பிடுவான். அப்படிக் கும்பிட்ட ஒருவரிடம்தான் நான் வாங்கினேன்.

பத்தாங் பெர்ஜுந்தாயில் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவே இப்படி ஒரு கார் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. (ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எழுதி எத்தனையோ வருஷமாகிறது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) என் வீட்டுக்காரருக்காக வாங்கியது அது. அவர் தோட்டத்தில் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். மண் சடக்கில், மேடும் பள்ளமுமான ரோட்டில், குலுங்கிக் குலுங்கியே முதுகு போயிற்று. பிறகு இனிப்புநீர் வியாதி வந்து சிறுநீரகமும் போயிற்று. வாரத்தில் மூன்று நாள் கோலசிலாங்கூரில் டயாலிசிஸ். எங்களிடம் முன்பு இருந்த சின்னக் காரில் போகும்போது ஒவ்வொரு குழிக்கும் "அம்மா" என்பார். திரும்பி வரும்போது அதுகூட இல்லை, தலை தொங்கிவிடும். உடம்பிலிருந்து தண்ணீரை எடுத்த பிறகு படுத்துக்கொண்டே வந்தால்தான் அவருக்குத் தாங்கும். அந்தச் சின்னக் காரில் பூனைதான் படுக்க முடியும்.

இந்தப் பெரிய காரின் பின்சீட்டில் முதன்முதலில் அவரை உட்காரவைத்து ஓட்டிய நாள் நினைவிருக்கிறது. பாலம் தாண்டி, குண்டும் குழியுமான இடமெல்லாம் தாண்டி வந்துவிட்டோம். பின்னாலிருந்து சத்தமே இல்லை. எனக்குத் திக்கென்றது. கண்ணாடியில் பார்த்தால் மனிதர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இந்தக் காரை என் உயிர் இருக்கிறவரை விடுவதில்லை என்று.

நான் ஒன்றும் மெக்கானிக் படிப்பு படித்தவள் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளி வேன் ஓட்டியவள். வேன் காலையில் கிளம்பாவிட்டால் ஒரு வேன் பிள்ளைகள் லயத்து வாசலில் பையோடு நிற்கும். அந்த நேரத்தில் எந்த மெக்கானிக் வருவான்? நானே பானட்டைத் திறந்து, நானே திட்டி, நானே சரிசெய்து பழகிவிட்டேன். ஒரு எஞ்சினுக்குக் கை வந்துவிட்டால் அடுத்த எஞ்சினிடம் பயம் போய்விடுகிறது. ஜெர்மன்காரன் செய்தாலும் நட்டு நட்டுதான், போல்ட்டு போல்ட்டுதான்.

கார் போர்ச்தான் என் பட்டறை. அங்கே சில சட்டங்கள் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் காருக்கு அடியில் போகமாட்டேன், இரும்புத் தாங்கி வைத்த பிறகும் பழைய டயர் ரிம் ஒன்றைப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டுத்தான் படுப்பேன். கழற்றிய ஸ்க்ரூவை எடுத்த வரிசையிலேயே முட்டை அட்டையில் போடுவேன். வேலை நடக்கும்போது யாரும் வந்து யோசனை சொல்லக்கூடாது. இந்த மூன்றாவது சட்டத்தை எதிர்வீட்டுக்காரர் மீறப் பார்த்தார். "பேசாம வித்துட்டு ஒரு புதுசு எடுக்கலாமே" என்றார். "நீங்க மொதல்ல உங்க வீட்டு கேட்டுக்கு எண்ணெய் விடுங்க, தெருவுக்கே கேக்குது" என்றேன். அதற்குப் பிறகு வரவில்லை.

இந்தக் காருக்கு ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் மேலே காற்றுப் பைகள்தான் அதைத் தாங்குகின்றன. வாங்கிய கொஞ்ச நாளில் பின்பக்கம் காற்றுப் போய், காலையில் பார்த்தால் எருமை மாதிரி உட்கார்ந்திருந்தது. போனில் வீடியோ பார்த்து, ரவாங் பக்கம் ஒரு பொத்தோங் கடையில், அதாவது பழைய காரை வெட்டி உறுப்பு உறுப்பாக விற்கிற கடையில், இரண்டு பை வாங்கிவந்து நானே மாட்டினேன். எஞ்சினைப் போட்டதும் பின்பக்கம் மெதுவாக, மரியாதையாக எழுந்து நின்றது பாருங்கள்! சமையலறையிலிருந்து விசிலடித்த குக்கரைக்கூட நான் அணைக்கப் போகவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பருப்பு தீய்ந்துவிட்டது. போகட்டும்.

காரில் அவருக்கும் ஒரு வேலை இருந்தது. வெள்ளிக்கிழமை பூசை. லோரி ஓட்டிய காலத்துப் பழக்கம் அது. குளித்துவிட்டு, தட்டுத் தடுமாறி முற்றத்துக்குப் போய், செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி என்று கைக்கு அகப்பட்டதைப் பறிப்பார். கொஞ்சம் வேப்பிலையும் சேர்த்துக்கொள்வார். பானட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் நெடுக உதிரிப்பூவைப் பரப்பி, சூடம் காட்டிவிட்டுத்தான் பின்சீட்டில் ஏறுவார். கண் பார்வை மங்கிய மனிதர், ஒரு பூவும் கீழே விழாமல் வைப்பார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, சாமி கிளம்பச் சொல்லிடுச்சா?" என்று கேலி செய்வேன். "ஓட்டுறவளுக்கு வாய் ஜாஸ்தி" என்பார். வாரா வாரம் இதே பேச்சுதான்.

மழைக்காலம் தொடங்கியதும் சனியன் பிடித்தது.

முதல் தடவை கம்போங் குவாந்தான் பக்கத்தில் நடந்தது. மின்மினிப் பூச்சி பார்க்கப் போகிறவர்கள் திரும்புகிற சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால். விடியலிலிருந்து கொட்டிய மழை. டேஷ்போர்டில் இருக்கிற எல்லா விளக்கும் தீபாவளி மாதிரி எரிந்தது. கியர் ஒன்றிலேயே பூட்டிக்கொண்டது. இரண்டு முறை இருமிவிட்டு கார் நின்றுவிட்டது. எத்தனை முறை சாவியைத் திருப்பினாலும் அசையவில்லை. பின்னால் குலை லோரிகள் ஹார்ன் அடிக்கின்றன. டயாலிசிஸ் நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் பிக்கப் வண்டியில் வந்த ஒரு மலாய்க்காரர் இறங்கி, என் வீட்டுக்காரரை இரண்டு கையாலும் தூக்கி ஏற்றிக்கொண்டுபோய் டயாலிசிஸ் சென்டரில் விட்டார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நேரமாகிவிட்டது. மெஷின் அடுத்த ஆளுக்குப் போகவேண்டும் என்பதால் அன்று பாதி நேரம்தான் கிடைத்தது. மறுநாள் அவர் கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கியது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பயம் என்றால் அதுதான் பயம்.

கோலாலம்பூரில் இருக்கிற எங்கள் மகள் போன் செய்தாள்.

"அம்மா, இது ஜோக் இல்ல. இன்னொரு தடவ அப்பாவ வெச்சுக்கிட்டு வண்டி நடுரோட்ல நின்னுச்சுன்னா, அவ்ளோதான். ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்துருவேன். எங்க கொண்டோ பக்கத்துலயே சென்டர் இருக்கு. லிஃப்ட்ல எறங்கினா போதும். அந்தக் காரைப் பொத்தோங் கடைக்குத் தள்ளி விட்டுருங்க லா."

"வண்டி நிக்காது" என்றேன்.

"நின்னுச்சேம்மா."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல். தப்பாகப் பேசினால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

போனை வைத்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "புள்ள நல்லதுக்குத்தான் சொல்லுது" என்றார். பிறகு, "ஆனா நான் அங்க போனா அந்த மாடி ஜன்னலப் பாத்துக்கிட்டே செத்துருவேன். இங்க எனக்கு வீட்டு முத்தம் எங்க முடியுது, கேட் எங்க இருக்குன்னு கண்ணு தெரியாமலே தெரியும்" என்றார்.

"யார் உங்களப் போகச் சொன்னா? நான் இருக்கேன், பாத்துக்கறேன்" என்றேன். வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்கும் போக மனமில்லை. கொண்டோவில் எந்த மாடியில் நான் காற்றுப் பை மாட்டுவேன்? ஆனால் கார் ஏன் நின்றது என்பது எனக்குத் தெரியவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

என்னிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினால் கார் தன் நோயைத் தானே போனில் எழுதிக் காட்டும். சொருகினேன். கியர் கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை என்றது. சரி, கியரில்தான் கோளாறு என்று கியர் எண்ணெயை மாற்றினேன். வெயில் நாளில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மழை வந்தது, மறுபடியும் விளக்குத் திருவிழா. பேட்டரி மாற்றினேன். எர்த் வயரைச் சுரண்டிப் புதிதாக முடுக்கினேன். வேகம் பார்க்கிற சென்சாரை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் வெயிலில் ராசா மாதிரி ஓடும், நல்ல மழைக்கு அடம்பிடிக்கும். நின்றுவிடவில்லை, ஆனால் ஒரே கியரில் நொண்டிக்கொண்டு போகும். அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் சரியாகும். நான் அதைக் கையைக் காலைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தேன். மகளிடம், "எல்லாம் ஓக்கே" என்று சொன்னேன்.

பொத்தோங் கடைச் சீனர் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஒரு பழைய கியர் கம்ப்யூட்டர் கேட்டபோது மலாயில், "அக்கா, நீ ஒவ்வொண்ணா வந்து வாங்குறதுக்கு, காரையே இங்க கொண்டு வந்துரு. நான் வெட்டித் தர்றேன், நீ வேணுங்கறத எடுத்துக்க" என்றார். "உன் வாயில மண்ணு" என்று தமிழில் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்குப் புரிந்திருக்கும், இன்னும் சத்தமாகச் சிரித்தார்.

என் வீட்டுக்காரருக்கோ காரணம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. கண்ணு பட்டுவிட்டது. "தாமான் முழுக்க அந்தக் காரையே பாக்குது. படாம இருக்குமா?" எனவே பூசை பெரிதானது. வெள்ளிக்கிழமை மட்டும் என்று இருந்தது, சென்டருக்குப் போகிற ஒவ்வொரு நாளும் என்றாயிற்று. முன்பு ஒரு கைப்பிடி பூ, இப்போது ஒரு தட்டு. வேப்பிலை கொத்துக் கொத்தாக. சந்தனத்தைக் கரைத்து பானட் நெடுகத் தெளிப்பார். நான் அவசரத்தில், "போதுங்க, போதுங்க" என்பேன். மழையில் வைப்பர் ஓடினால் பூவெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் காணாமல் போகும். எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. காருக்கு அடியில் குடியிருக்கிறவள், காருக்கு மேலே என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பாதி வழியிலேயே கியர் பூட்டிக்கொண்டது. எஞ்சின் துடிக்கிறது, இரும ஆரம்பிக்கிறது. நின்றால் போயிற்று. எங்கள் வீடு போயிற்று, முற்றம் போயிற்று. நான் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டு, "என் ராசா, இன்னிக்கு மட்டும், இன்னிக்கு மட்டும்" என்கிறேன். பின்சீட்டில் அவர் முருகனைக் கூப்பிடுகிறார். எனக்குப் பின்னால் ஒரு குலை லோரிக்காரன், வழிவிடாத இந்த டவுக்கே கார் யாருடையதென்று ஹார்னிலேயே கேட்டுக்கொண்டு வருகிறான். அப்படியே ஊர்ந்து ஊர்ந்து சென்டர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவரைச் சக்கர நாற்காலியில் ஏற்றி உள்ளே அனுப்பிவிட்டுக் காருக்கு வந்தேன்.

வழக்கமாக அவரை இறக்கிவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். சமையல் இருக்கும், கார் வேலை ஏதாவது இருக்கும். முடியும் நேரத்துக்கு மறுபடி வந்து ஏற்றிக்கொள்வேன். அன்று இந்த நிலையில் காரைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போகத் தைரியமில்லை. பார்க்கிங்கில் தகரக் கூரை போட்ட ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் இடது பக்கம் கால்மிதி ஈரமாக இருப்பதைப் பார்த்தேன். கதவு மூடியிருக்கிறது, கண்ணாடி மூடியிருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது? குனிந்து மோந்து பார்த்தேன். அழுகிய பூ வாசம். கோயிலுக்குப் பின்னால் சாக்கடைப் பக்கம் போனால் அடிக்குமே, அதே வாசம்.

எனக்கு மண்டையில் ஏதோ பட்டென்று எரிந்தது. பானட்டைத் திறந்தேன். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் வேர்விடுகிற இடத்தில், ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி உண்டு. அதற்கு அடியில் மழைத்தண்ணீர் விழுந்து ஓடுகிற ஒரு தொட்டி. தொட்டியின் இரண்டு மூலையிலும் தண்ணீர் கீழே இறங்க ஓட்டை. வைப்பரைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். மீன் வளர்க்கலாம். அவ்வளவு தண்ணீர். கியர் கம்ப்யூட்டர் இருக்கிற பெட்டி அந்தத் தண்ணீரில் பாதி முழுகிக் கிடக்கிறது. மூலையில் கையை விட்டேன். கறுப்பாக, கொழகொழவென்று ஒரு கவளம் வந்தது. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி. வேப்பிலை மட்டும் இன்னும் அடையாளம் தெரிகிற மாதிரி இருந்தது. சந்தனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பசை போட்டிருந்தது.

லோரிக்கு முகம் சப்பை. அதில் வைத்த பூ ரோட்டில் விழும். இந்தக் காரின் பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. அதில் வைத்த பூ உள்ளே விழும். இவ்வளவுதான் விஷயம். கண் பட்டதால் பூ வைத்தார், பூ வைத்ததால் கார் கெட்டது, கார் கெட்டதால் இன்னும் பூ வைத்தார்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் கையோடு அடித்துக்கொண்டதில் நெற்றியெல்லாம் சந்தனக் குழம்பு.

சென்டரைக் கூட்டுகிற அம்மாவிடம் விளக்குமாற்றிலிருந்து நாலு ஈர்க்குச்சி வாங்கினேன். அள்ளி, குத்தி, கிளறி இரண்டு ஓட்டையையும் திறந்தேன். தண்ணீர் கடகடவென்று இறங்கிய சத்தம் இருக்கிறதே, அதைவிட நல்ல சத்தம் அன்று வேறெதுவும் இல்லை. பெட்டியைத் திறந்து, வயர் முனைகளைக் கழற்றி, துணியால் ஒற்றி, டூல்ஸ் பையிலிருந்த ஸ்ப்ரேயை அடித்து, காய விட்டேன். அவர் வெளியே வருகிற நேரத்துக்கு எல்லாவற்றையும் மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ஒரு விளக்கு இல்லை. வழியில் கியர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி மாறியது. வெளியே மழை இன்னும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தது.

வெற்றி என் வாயை அவிழ்த்துவிட்டது. அவர் களைத்துப் படுத்துக்கொண்டு வருகிறார் என்பதைக்கூட நினைக்காமல் ஆரம்பித்தேன். "உங்க சாமிப் பூதாங்க காரைக் கெடுத்தது! ஒரு வாளி அள்ளினேன், ஒரு வாளி! கண்ணாவது, பட்டதாவது! நான் கியரைக் கழட்டறேன், பேட்டரியக் கழட்டறேன், கடைக்காரன் என்னப் பாத்துச் சிரிக்கிறான், நீங்க வாரா வாரம் தண்ணிக் குழாய அடைச்சுக்கிட்டு இருக்கீங்க! உங்க பூசையால நாம மூட்டையக் கட்டிக்கிட்டு மககிட்ட கேஎல்லுக்குப் போயிருக்கணும்!"

தூங்கிவிட்டார் போல என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் முற்றத்துக்குப் போகவில்லை. குளித்துவிட்டு நேராக வந்து காரில் ஏறிக்கொண்டார். நான், "அப்பாடா" என்றேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மழைக்காலம் முழுக்கக் கார் ஒரு நாளும் முரண்டவில்லை. தொட்டிக்கு வலை வெட்டிப் போட்டேன், ஓட்டைகளை மாதம் ஒருமுறை ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தேன். பொத்தோங் கடைச் சீனருக்கு, கொட்டுகிற மழையில் கார் ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். எனக்குக் காலர் வைத்த சட்டை இருந்திருந்தால் தூக்கிவிட்டிருப்பேன்.

மகள் சோதனை பார்க்க வந்தாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை, எங்களோடு சென்டருக்கு வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நல்லவேளையாக மழையும் வந்தது. நான் வேண்டுமென்றே தண்ணீர் தேங்கிய பக்கமாக விட்டு ஓட்டினேன். கம்போங் குவாந்தான் சந்திப்பு வந்தது, போனது. அவள் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் சாய்ந்து உட்கார்ந்து, "சரிம்மா, வண்டி ஓக்கே. நீங்க இங்கயே இருங்க. இனிமே நான் அந்தப் பேச்சு எடுக்கல" என்றாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஜெயித்தாயிற்று.

அப்போதுதான் அவள் கேட்டாள். "ஏம்ப்பா, இன்னிக்கு வெள்ளிக்கிழமதானே? வண்டிக்குப் பூ வைக்கலியா?"

நான் முந்திக்கொண்டு பூக்கதையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து அவர் பேசினார். மெதுவாக, கோபமில்லாமல் பேசினார்.

"வண்டிக்கு எதுக்கு? வண்டிக்கு ஒண்ணுன்னா ஒங்கம்மா ரிப்பேர் பண்ணிருவா. நான் எப்பவும் வண்டிக்கு வெச்சதில்லியே. என்னை எறக்கிவிட்டுட்டு இவ தனியா இந்த ரோட்ல திரும்பிப் போறா. மழ, குலை லோரி, தூக்கம் வேற. நான் அங்க ஊசியக் குத்திக்கிட்டு நாலு மணி நேரம் படுத்துக் கெடக்கேன். எழுந்து ஓடி வர முடியுமா? இவளுக்கு ஒண்ணுன்னா யாரு ரிப்பேர் பண்றது?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். எனக்குப் பதில் இல்லாத கேள்வி என்று ஒன்று இருந்ததே கிடையாது. எதிர்வீட்டுக்காரரைக் கேளுங்கள், சீனரைக் கேளுங்கள். அன்று என் வாயே அடைத்துக்கொண்டது, அதைத் திறக்க என்னிடம் ஈர்க்குச்சி இல்லை. இத்தனை நாளாக நான்தான் அவரைக் கொண்டுபோகிறேன், நான்தான் அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அந்த மனிதர் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் வந்து சேருகிறவரை, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அவரை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்டர் வாசலில் அவரை இறக்கினேன். கார் சாவியை மகளிடம் கொடுத்து, "நீ போய் ஏதாவது சாப்பிட்டுட்டு வா" என்றேன். தாதியிடம் கேட்டு ஒரு நாற்காலியை இழுத்து அவர் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவருக்கு என் வாசனை தெரிந்திருக்க வேண்டும், கிரீஸ் வாசனை அவ்வளவு சுலபமாகப் போகாது.

"நீ இன்னும் போகலியா? முன்சக்கரத்துப் புஷ்ஷு மாத்தணும்னியே" என்றார்.

"அது கெடக்குது. இனிமே நீங்க முடிச்சுட்டு எழுந்தப்புறம் சேந்துதான் போறோம்" என்றேன்.

அவர் ஊசி குத்தாத கையை நீட்டிக் கட்டில் ஓரத்தில் துழாவினார். நான் என் கையைக் கொண்டுபோய் அதற்குள் வைத்தேன். பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

"என்ன?" என்றார் கவலையாக.

"ஒண்ணுமில்லீங்க," என்றேன். "நல்லாத்தான் ஓடுது."